நீலச் சுவருக்கு ஒரு பல்பு

பஞ்சவர்ணத்தின் கண்களில் புரை விழத் தொடங்கியபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வேப்பந்தட்டையில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் அப்போது நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பார்வை மங்க மங்க அவள் கணவர் இளையபெருமாள் அறுபது மாட்டினார், பிறகு நூறு. கடைசியில் இருநூறும் போதவில்லை. எல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத்தான் அவளுக்குத் தெரிந்தது.

2004 தை மாதம் கண் முகாம்காரர்கள் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் வலது கண்ணில் லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். கறுப்புக் கண்ணாடியை இனிக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், இளையபெருமாள் வழக்கம்போல சுவிட்சைத் தட்டினார்.

"அய்யோ, அணைங்க, அணைங்க!" பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பல்பு அணைந்தது. வாசல் வழியாக வந்த மிச்ச வெயிலில் அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுவரு நீலமாங்க?"

"நீதானே புள்ள நீலம் கேட்ட? அடிச்சு மூணு பொங்கலாச்சே."

"நான் சாம்பல் நெறம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

இளையபெருமாள் வாசல் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டார். சுவரில் அவர் அடித்த சுண்ணாம்பு நீலம், தேங்கிய தண்ணீரில் தெரியும் வானம்போல மேலும் கீழும் சாயல் மாறி மாறி இருந்தது. அவள் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லப்பைக்குடிக்காட்டுக்காரர் அப்துல் ஹாதியின் எலெக்ட்ரிக் கடை இருந்தது. உள்ளே மரப் பலகையில் வரிசையாக ஹோல்டர்கள் அடித்து விதவிதமான விளக்குகளை மாட்டியிருந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணே. எந்த எடத்துக்கு?"

"நீலச் சுவரு தம்பி. அது நீலமாவே தெரியணும்."

அப்துல் ஹாதி சிரிக்கவில்லை. கடையின் முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக எரியவிட்டார். பஞ்சவர்ணம் தன் நீலச் சேலையின் முந்தானையை ஒவ்வொரு விளக்கின் கீழும் விரித்துப் பிடித்தாள். குண்டு பல்பின் கீழ் அது பாசி படிந்த கிணற்றுத் தண்ணீராயிற்று. சிவப்பு ஜீரோ வாட்ஸில் கத்தரிக்காய் நிறம். சுருள் சுருளாக இருந்த புது மாதிரி சி.எஃப்.எல். முதலில் தயங்கி, பிறகு மெல்ல மெல்லப் பூத்தது. அதோடு சேர்ந்து சேலையும் நீலமாகிக்கொண்டே வந்தது. வெளியே பஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவுவது எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

அவள் முந்தானையை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"இங்க வந்து நில்லுங்க."

"நானா? எதுக்கு?" அவர் கூச்சத்தோடு விளக்கின் கீழ் வந்து நின்றார்.

"மீச எப்ப நரைச்சுச்சு?"

"நீ பாக்காதப்ப."

அப்துல் ஹாதி பக்கத்து குண்டு பல்பைப் போட்டார். "மஞ்ச வெளிச்சம் எடுத்துக்கங்கக்கா. அண்ணனுக்கு வயசு கொறஞ்ச மாதிரி தெரியும்."

பஞ்சவர்ணம் அந்த மஞ்சளிலும் ஒருமுறை அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தார்.

"வேணாம் தம்பி. இத்தன நாள் பாக்காம விட்டதெல்லாம் பாக்கணும். வெள்ளையே குடுங்க."

அன்று பொழுது சாயும் நேரத்தில் அதை மாட்டினார்கள். அறை கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாகப் பாயில் விரித்துப் போட்டாள். பச்சை என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒன்று மயில் கழுத்து நிறமாக இருந்தது. அவர் அடுப்படியிலிருந்து வந்து வந்து எட்டிப் பார்த்ததில் சோறு குழைந்துபோயிற்று. அதையே சாப்பிட்டார்கள்.

கை கழுவ வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேற்கே நிலா வெளிச்சத்தில் பச்சைமலை கருநீலமாகக் கிடந்தது.

"மலை மேல வூட்டு வெளக்கு தெரியுதுங்க. ரெண்டு, இல்ல, மூணு."

"எங்க?"

"அந்த மொட்டப் பாறைக்கு மேல."

இளையபெருமாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இமைகளைச் சுருக்கினார். அவருக்கு மலையே புகைபோல்தான் தெரிந்தது. "ஆமா, ஆமா, தெரியுது" என்றார்.

அவள் மலையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"அடுத்த கேம்ப் எப்பன்னு நாளைக்கு நானே போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள்.