தேடி வரட்டும்

கேட்டைக் குலுக்கும் சத்தம் கேட்டபோது குமுதா பவனேஷுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். விளம்பரத் தாள் செருகுகிறவர்களாக இருக்கும் என்று எழுந்திருக்கவில்லை. சத்தம் விடாமல் வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தவளுக்கு முதலில் ஆளே தெரியவில்லை. கண்ணைத் தாழ்த்தியபோதுதான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஷர்வின் நிற்பது தெரிந்தது. மேலே கசங்கிய சட்டை, கீழே கனத்துத் தொங்கும் பாம்பர்ஸ், காலில் செருப்பில்லை. அவளைக் கண்டதும் "குமா" என்று கூப்பிட்டுச் சிரித்தான்.

பின்னால் அவன் அம்மாவோ அப்பாவோ வந்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெயில் மட்டும் இருந்தது. எதிர்வீட்டுப் பூனை, வாசலில் நிறுத்தியிருந்த காடிக்கு அடியில் படுத்திருந்தது.

"அப்பா எங்கடா?"

அவன் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். "அப்பா தூங்கு."

இரண்டு மாதத்துக்கு முன்புவரை அவன் தினமும் வந்துபோன வீடு இது. அவன் அம்மா ரூபினியின் பிரசவ விடுமுறை முடிந்த மறுநாள் துணியில் சுற்றிய பொட்டலமாக வந்தவன். முதல் பல்லைக் குமுதாதான் பார்த்தாள். முதல் எட்டு இந்தக் கூடத்தில், அவள் கணவன் நல்லசாமியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வைத்தான். அதைச் சாயங்காலம் ரூபினியிடம் அவள் சொல்லவில்லை. மறுநாள் ரூபினியே ஓடிவந்து, "ஆண்ட்டி, இவன் நடக்குறான்!" என்றபோது, அப்போதுதான் கேட்பவளைப் போல வாயைப் பிளந்து சந்தோஷப்பட்டாள்.

பிறகு குமுதா பிள்ளை பார்க்கும் கூலியைக் கூட்டிக் கேட்டாள். கேட்க நாக்கு கூசியது. ஆனால் சர்க்கரை வியாதியில் நல்லசாமியின் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். லோரி ஓட்டிய காலத்துச் சேமிப்பு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் கரைந்துவிட்டது. மாதம் நூறு வெள்ளி கூடக் கேட்டாள். இரண்டு நாள் கழித்து ரூபினி தன் கணவன் மகேந்திரனோடு வந்தாள்.

"அவருக்கு நைட் சிப்ட் கெடச்சிருக்கு ஆண்ட்டி. காலையில அவரு வந்ததும் நான் கெளம்புறேன். பகல்ல அவரே பாத்துக்குவாரு."

"ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு வர்ற மனுசன் எப்பம்மா தூங்குவாரு?"

"இவன் தூங்குறப்ப தூங்கிக்குவேன்," என்றான் மகேந்திரன். ரவாங்கில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவன். "நாங்கள்லாம் எஸ்டேட்டு ஆயாக் கொட்டாய்ல கும்பலா வளந்தவங்கதான் ஆண்ட்டி. ஒண்ணும் ஆவல லா."

பேரம் பேசியிருந்தால்கூட அவளுக்கு வலித்திருக்காது. ஐம்பது கொடுக்கிறோம் என்றிருந்தால் சரி என்றிருப்பாள். அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசி, அவள் இல்லாமல் எப்படி என்று ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்வதற்கு மட்டும் வந்திருந்தார்கள். ஷர்வினின் பால்புட்டிகளை ரூபினி ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். அலமாரியின் கீழ்த் தட்டில் அவனுடைய நீலக் காற்சட்டை ஒன்று இருந்ததை மறந்துவிட்டாள். குமுதாவும் நினைவுபடுத்தவில்லை. அடுத்த வாரமே ஒரு ஆசிரியையின் கைக்குழந்தை பவனேஷ் வந்து அந்த இடத்தை நிரப்பினான்.

இப்போது ஷர்வின் அவள் கையைப் பிடித்து, தன் வீட்டுக்குள் போகிறவனைப் போல, அவளை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

பாம்பர்ஸை மாற்றி, கால் கழுவிவிடும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பத்தாங் காலியில் அவர்கள் குடியிருக்கும் தாமானை ஒரு சாலை இரண்டாகப் பிரிக்கிறது. ரூபினியின் வீடு அந்தப் பக்கம், குமுதாவின் வீடு இந்தப் பக்கம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுக்க அதில்தான் போகும். சாலையோரமாக ஆள் ஆழத்துக்கு ஒரு லோங்காங், திறந்த சாக்கடை, ஓடுகிறது. முந்தின இரவு பெய்த மழைக்கு அதில் இடுப்பளவு தண்ணீர் இருக்கும். அதன்மேல் போட்ட பலகையில் ஏறி, சாலையைத் தாண்டி இவன் வந்திருக்கிறான். வழி தெரிந்துதான் வந்திருக்கிறான். அவள் இடுப்பில் உட்கார்ந்து அவன் பார்த்துப் பழகிய வழி.

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அவனை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அவன் திமிறினான். "பசி" என்றான்.

"கொண்டுபோயி விட்டுட்டு வா," என்றார் நல்லசாமி கூடத்திலிருந்து. "மகேந்திரன் முழிச்சான்னா பதறிப்போயிடுவான்."

"பதறட்டும்."

"என்ன பேச்சு இது?"

"பிள்ளைய ரோட்டுல விட்டுட்டுத் தூங்குறவனுக்கு நான் போயி கதவத் தட்டி எழுப்பணுமா? தேடி வரட்டும்."

நல்லசாமி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

முட்டை அவித்து, சோற்றில் பிசைந்து கொடுத்தாள். நீலக் காற்சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள். இடுப்பில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஷர்வின் அவள் பார்த்துக்கொள்ளும் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து, பவனேஷின் கிலுகிலுப்பையைப் பிடுங்கி, அவன் அழுததும் தானே திருப்பிக் கொடுத்தான். இரண்டு மாதம் இடையில் போனதாகவே தெரியவில்லை. குமுதாவுக்கு அது இனித்தது. இனிக்க இனிக்க அவள் கோபமும் கூடவே வளர்ந்தது. யாரும் வரவில்லை. துணி காயப்போடும் சாக்கில் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு லோரி போனது. ஒரு மோட்டார் போனது.

பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் நல்லசாமியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள் என்பது அவளுக்கே தெரியும்.

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. ஷர்வின் ஸ்பிரிங் தொட்டிலில் தானே ஏறிப் படுத்துத் தூங்கிப்போனான். வீடு அமைதியானதும் அவளுக்குள் வேறொரு பயம் புகுந்தது. மகேந்திரனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ரூபினிக்கு அடிக்கலாம். ரூபினியின் பெயர்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். எப்போது வந்தான் என்று கேட்பாளே.

மகேந்திரன் வந்தபோது கேட்டைத் தட்டவில்லை. கம்பியில் மோதிக்கொண்டு நின்றான். வெறும் உடம்பு. கட்டியிருந்த கைலி இடுப்பு வரை நனைந்து, கறுப்புச் சேறு அப்பிக் கிடந்தது. முழங்கைகளிலும் சேறு. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் லோங்காங்குக்குள் இறங்கியிருக்கிறான் என்பது குமுதாவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. தண்ணீருக்கு அடியில் கையை விட்டுத் துழாவியிருக்கிறான்.

"ஆண்ட்டி... ஷர்வின்..."

"உள்ள தூங்குறான். நல்லா இருக்கான்."

மகேந்திரன் கேட் ஓரமாக அப்படியே தரையில் உட்கார்ந்தான். சிமெண்டுத் தரை கொதித்தது, அது அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சத்தமே வரவில்லை, முதுகு மட்டும் ஏறி இறங்கியது. குமுதா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளர் அவன் பல்லில் இடித்தது.

"கார்ட்டூன் போட்டு உக்கார வச்சேன் ஆண்ட்டி. கொஞ்ச நேரம் கண்ண மூடலாம்னு... கதவு சாத்துனேன்னுதான் நெனச்சேன்." மூச்சை இழுத்தான். "எப்ப வந்தான்?"

"இப்பத்தான்," என்றாள் குமுதா. "இப்பத்தான் வந்தான். போன் அடிச்சேன், நீங்க எடுக்கல."

உள்ளே நல்லசாமியின் நாற்காலி கிறீச்சிட்டது.

தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது மகேந்திரன் திரும்பி நின்றான். சேற்றுக் கையால் பிள்ளையின் முதுகைத் தொடாமல், முழங்கையால் அணைத்திருந்தான்.

"ரூபினிகிட்ட சொல்லிடாதீங்க ஆண்ட்டி. தெரிஞ்சா வேலைய விட்டுருவா. அவ சம்பளத்துலதான் வீட்டு லோன் போவுது."

"சொல்லல," என்றாள். அவன் நன்றியோடு தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மற்ற பிள்ளைகள் போனபிறகு ரூபினி வந்தாள். பிள்ளையைக் கூட்டி வரவில்லை. கழுத்தில் தொழிற்சாலை அட்டை இன்னும் தொங்கியது. கையில் நீலக் காற்சட்டை, நான்காக மடித்தபடி.

"இது இங்கதானே இருந்துச்சு ஆண்ட்டி?"

குமுதா கேட்டைத் திறந்தாள். ரூபினி உள்ளே வரவில்லை.

"அவரு, நீங்க கடைக்குப் போறப்ப இத குடுத்துட்டுப் போனீங்கன்னு சொல்றாரு. ஷர்வின் முட்ட சாப்ட்டேங்கிறான். குமா வீடுங்கிறான். அவரு கால்ல காயம், கைலி பூரா சேறு. கேட்டா மோட்டார்ல இடிச்சிக்கிட்டேங்கிறாரு." அவள் குரல் தாழ்ந்தேதான் இருந்தது. "என்ன நடந்துச்சு?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் முன்னால் நிற்பவள் தாய். ஒரு பெண் வேலையில் நாள் முழுக்க எந்த எண்ணத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது குமுதாவுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அப்படிப்பட்ட பெண்களின் பிள்ளைகளைத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறாள். காலையில் அவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் நடை அவளுக்கு மனப்பாடம்.

"தனியா வந்தான்மா. நடந்து வந்தான்."

ரூபினி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாலைப் பக்கம் பார்த்தாள். லோங்காங்மேல் கிடந்த பலகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப வந்தான்?"

இந்த முறையும் அதே பொய்யைச் சொல்லியிருக்கலாம். நாக்கில் தயாராகத்தான் இருந்தது.

"காலையிலயே."

"இவரு எப்ப வந்து கூட்டிப்போனாரு?"

"மத்தியானம்."

ரூபினியின் முகத்தில் அது மெதுவாக இறங்கியது. "ஏன் ஆண்ட்டி கொண்டுவந்து விடல? எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே?"

குமுதா முந்தானையை விரலில் சுற்றினாள். பிள்ளைகள் இருந்தார்கள், சமையல் இருந்தது, நல்லசாமியால் நடக்க முடியாது. எல்லாம் இருந்தன.

"கோவம்மா," என்றாள். "தேடிக்கிட்டு வரட்டும்னு இருந்துட்டேன்."

ரூபினி அழுவாள் என்று எதிர்பார்த்தாள். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தாள். அவள் காற்சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"அவரு பிள்ள செத்துட்டான்னு நெனச்சித் தண்ணிக்குள்ள தேடியிருக்காரு. நீங்க இங்க இருந்திருக்கீங்க."

"நாளைக்கே கொண்டாந்து விடும்மா. பழைய காசே குடு. அதுவும் முடியலன்னா, முடிஞ்சத குடு. பவனேஷ் அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். நல்லசாமியின் மருந்தை எப்படிச் சமாளிப்பது என்று அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. ரூபினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் ஒரு நிமிடம் ஆசை வந்து நின்றதைக் குமுதா கண்டாள். மறுநாளிலிருந்து நிம்மதியாக வேலைக்குப் போகும் ஆசை. பிறகு அது அணைந்தது.

"காசு இல்லாமத்தான் ஆண்ட்டி நிறுத்துனோம். உங்கமேல பயந்து நிறுத்தல," என்றாள் ரூபினி. காற்சட்டையைக் கேட்டின்மேல் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கையோடு எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். சாலையருகே நின்று, லோரி ஒன்று போகும்வரை காத்திருந்து, கடந்துபோனாள்.

அன்றிரவு நல்லசாமி சாப்பிட்ட தட்டைத் தானே தடி ஊன்றிக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

மறுநாள் காலை, பவனேஷை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனாள். கடை வலது பக்கம். அவள் கால் இடது பக்கம் திரும்பியது. தூரத்திலிருந்தே துளைபோடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. சாலையின் இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

மகேந்திரன் கிடங்குச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு முக்காலியில் ஏறி, தன் வீட்டுக் கேட்டின் உச்சியில் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். பெரியவர்களுக்கு மட்டுமே எட்டும் உயரம். இடையிடையே நிறுத்தி, கண்ணை இறுக மூடித் திறந்து, மறுபடியும் துளைத்தான். இரும்புத் தூள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ரூபினியின் காடி இல்லை, அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கேட்டுக்கு உள்ளே, முக்காலிக்கு அடியில், ஷர்வின் குந்தியிருந்தான். கீழே விழும் ஒவ்வொன்றையும் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மகேந்திரன் தாழ்ப்பாளை இழுத்தான். தள்ளினான். மறுபடி இழுத்துப் பார்த்தான். திரும்பி இறங்கும்போது சாலைக்கு அப்பால் அவளைக் கண்டான். கையை உயர்த்தவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தான்.

ஷர்வினும் அவளைப் பார்த்துவிட்டான். எழுந்து ஓடிவந்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு திருகாணி, வெயில் பட்டு மின்னியது. "குமா, இந்தா," என்றான். ஒரு லோரி இடையில் வந்தது. நீளமான லோரி, குலைகள் வழிய வழிய, மெதுவாகப் போனது. அது கடந்தபோது படியில் இருந்தவனின் கண்கள் மூடியிருந்தன. கம்பிக்கு வெளியே அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.