உள்ளே நின்றுபோன தோட்டா

“ஒரு நாசில் கெட்டுப்போனா, அத்த பார்த்ததுமே இன்னா கோளாறுன்னு உனுக்கு எப்டிமே தெரியிது?” என்று போன மீன்பிடித் தடைக்காலத்தில் எத்திராஜ் நீலாவிடம் கேட்டிருந்தான். சும்மா பேச்சுக்குக் கேட்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். “கழட்டறதுக்கு முன்னாடி அது வெளிய துப்புனத பார்ப்பேண்ணா” என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இந்த வருடமும் தடைக்காலம் வந்துவிட்டது. விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. திருவொற்றியூர்க் குப்பத்தை ஒட்டிய அவளுடைய பட்டறையில் படகு இன்ஜின்களுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் டீசல் தட்டில் ஊறிக்கொண்டிருந்தன. மதியம், தெருவே உண்டு படுத்திருந்த நேரத்தில் எத்திராஜ் வந்தான். படகு முதலாளி. மீன் ஏலக்கூடத்தில் அவன் வைத்ததுதான் விலை. அவன் பின்னால் நீலாவின் தம்பி ரஞ்சித் வந்தான். உள்ளே நுழைந்ததும் தம்பி ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான்.

எத்திராஜ் ஒரு பாலித்தீன் கவரைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். உள்ளே ஒரு கைத்துப்பாக்கியும் வெடித்து முடிந்த காலித் தோட்டா ஒன்றும் இருந்தன.

“மொத குண்டு போவுது. காலி தோட்டா மட்டும் வெளிய வரமாட்டேங்குது. அது பின்னாடியே அடுத்தது வந்து முட்டிக்கினு நிக்கிது. முகத்துவாரத்தாண்ட போயி சுட்டுப் பார்த்தோம், ஒவ்வொரு தபாவும் இதே பேஜாரு. குச்சி வுட்டுத்தான் குத்தி எடுத்தோம்.”

“இதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா.”

“டீசல் பம்பையே பிரிச்சு மேயிற. இதுவும் இரும்புதானமே.”

“யாருக்குண்ணா இது?”

எத்திராஜ் சிரித்தான். ரஞ்சித்துதான் சொன்னான். “செங்குட்டுவனுக்கு. தடைக்காலத்துல ஃபைபர் படகுங்கதான கடலுக்குப் போவுது, அந்த மீன் ஏலத்துக்குச் சாயங்காலம் வருவான்.”

ஏலக்கூடத்தில் எத்திராஜின் விலைக்கு மேல் கேட்கத் துணிந்த ஒரே ஆள் செங்குட்டுவன். அவனைச் சுற்றி எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் இடுப்பில் இருப்பது மீன் வெட்டுகிற கத்தி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

“யார் சுடப்போறது?” என்றாள் நீலா.

ரஞ்சித் சுவரைப் பார்த்தான்.

அவள் காலித் தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அதைக் கவ்வி வெளியே இழுக்க வேண்டிய கொக்கி பிடித்து வழுக்கியிருந்தால் அதன் பின்விளிம்பு கிழிந்திருக்கும். கிழிசல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் கொக்கி அதைத் தொடவே இல்லை. துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். அந்தக் குட்டிக் கொக்கியின் அடியில் மஞ்சள் கிரீஸ் மணலோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. அவளுக்குப் புரிந்துபோயிற்று. தடைக்காலத்தில் எந்த இரும்பை எடுத்து வைத்தாலும் உப்புக்காற்றுக்குப் பயந்து கிரீஸை அப்பிப் பாலித்தீனில் சுற்றுவது படகுக்காரர் வழக்கம். இதையும் எத்திராஜ் இன்ஜின் சாமான் போலவே அப்பிச் சுற்றிவைத்திருக்கிறான்.

சரிசெய்ய ஒரு ஊசியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும்.

“கொக்கி தேஞ்சுபோச்சுண்ணா. வேற போட்டாத்தான் உண்டு. இங்க எங்கயும் கெடைக்காது” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் திடமாக வந்தது.

எத்திராஜ் மீசையைத் தடவினான். “மொத குண்டு போவுமில்ல?”

அவள் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள்.

“போவும். நாந்தான் பார்த்தனே. கிட்ட போயி வெச்சா ஒண்ணே போதும். இன்னா நைனா?”

“அப்பால அவன் ஆளுங்க சும்மா இருப்பானுங்களாண்ணா?” என்றான் ரஞ்சித்.

“ஓடு. கால் கீதுல்ல.”

எத்திராஜ் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். கொஞ்சம் தாமதித்து ரஞ்சித்தும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கை நீட்டித் துப்பாக்கியை எடுத்தான். அவன் கழுத்தில் நரம்பு துடிப்பதை நீலா பார்த்தாள். ஏலக்கூடத்தின் ஈரத் தரையில், கத்திகளுக்கு நடுவே, அடுத்த குண்டு போகாத துப்பாக்கியை அவன் இழுத்து இழுத்துப் பார்ப்பது கண்முன் வந்தது.

“நீ போகாத ரஞ்சித்து. முடியாதுன்னு சொல்லு.”

“ஆமா நைனா, அக்கா பேச்ச கேட்டுக்கினு வூட்ல குந்து. நாசில் தொடைக்கலாம்” என்றான் எத்திராஜ்.

ரஞ்சித்தின் முகம் சிவந்தது. “நான் போவத்தான் போறேன்க்கா. உன்னால முடிஞ்சா ரெடி பண்ணிக் குடு. இல்லாட்டி வுடு.”

நீலா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கை நீட்டினாள்.

“குடு.”

ஊசியால் கிரீஸைச் சுரண்டினாள். டீசலில் தோய்த்துத் தேய்த்தாள். கிரீஸ் கரைந்து மணல் உதிர்ந்து வந்தது. விரலால் அழுத்தினால் அசையாதிருந்த கொக்கி இப்போது துள்ளித் திரும்பியது. காலித் தோட்டாவை உள்ளே வைத்து இழுத்தாள். அது தெறித்துப்போய்த் தரையில் விழுந்து உருண்டது.

“தேஞ்சுபோன கொக்கி எப்டிமே வளந்துச்சு?” என்றான் எத்திராஜ். அவன் சிரிக்கவில்லை. “இருக்கட்டும். ராத்திரி வந்து பேசிக்கிறேன்.”

ரஞ்சித் துப்பாக்கியைச் சட்டைக்குள் செருகினான். நீலா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். டீசல் ஈரத்தில் பிடி வழுக்கியது. மேலும் இறுக்கிப் பிடித்தாள்.

“ரஞ்சித்து.”

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். குனிந்து, ஷட்டருக்குக் கீழே நுழைந்து, வெயிலுக்குள் நடந்தான்.