ஆறாம் மாடி மயில்

நோர்வேயின் ரொம்சோஸில், விற்கப் போட்டிருந்த எங்கள் வீட்டைப் பார்க்க ஆட்கள் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் நின்ற மயிலைப் படுக்கை விரிப்பால் மூடும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. மூன்று விரிப்புகள் போதவில்லை.

அந்த வீட்டின் உரிமை விவகாரம் எளிமையானது. கட்டடத்துக்குக் கீழே உள்ள நிலம் குத்தகை. யாரோ ஒரு நோர்வேக்காரருடையது. ஆறாம் மாடி வீடு அப்பாவினுடையது. வாடகைக்கு இருப்பவர் பிலேந்திரன் மாமா. ஹால் மயிலுடையது.

பஸ் கழுவும் வேலை பார்க்கும் பிலேந்திரன் மாமா, கோயிலில் முருகன் ஏறி வர ஒரு வாகனம் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முன்பின் மரவேலை தெரியாது. ஆட்கள் குப்பையில் போட்ட அலுமாரிகளைத் தூக்கி வந்து, இரண்டு வருடமாக வெட்டி, ஒட்டி, நீலம் பூசினார். தோகையை விரித்து முடித்த பிறகுதான் வாசலை அளந்தார்.

ஆகஸ்டில் பல்கனிகளைத் திருத்தக் கிரேன் வரும், திருவிழாவும் அப்போதுதான், மயிலைக் கிரேனில் இறக்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். வாடகை ஒப்பந்தமோ மே மாதத்தோடு முடிகிறது. அப்பா லோறென்ஸ்கூக்கில் புது வீடு வாங்கிவிட்டார். வாங்குகிறவர் ஆகஸ்ட் வரை மாமாவை இருக்க விட்டால் சரி. இல்லாவிட்டால் தோகையை அறுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். மரம் அறுக்கும் வாள் அப்பாவின் காரில் இருந்தது. அதைப் பற்றி அப்பாவும் மாமாவும் கதைப்பதில்லை.

வீடு விற்கும் முகவர் மார்க்கஸ் எல்லோருடைய சப்பாத்துக்கும் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டுவித்தான். மாமாவை ஒரு மணிநேரம் வெளியே போகச் சொன்னோம். அவர் குசினிக்குள் அடுப்பருகே போய் நின்றார். வந்தவர்கள் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார்கள், நிலக்குத்தகை எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்டார்கள், ஹாலின் நடுவே நின்ற வெள்ளை மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. நாகரிகமான நாடு.

யாரோ பல்கனிக் கதவைத் திறந்தார்கள். காற்று புகுந்து விரிப்புகளைத் தூக்கி எறிந்தது.

அந்த மயிலை நான் பல தடவை பார்த்தவன். கோழி என்று பகிடி பண்ணியவனும் நான்தான். ஆனால் வெயில் நேரே விழும் நேரத்தில் பார்த்ததில்லை. தோகையின் கண்களில் பழைய சீடித் தட்டுகளை வட்டம் வட்டமாக வெட்டிப் பதித்திருந்தார் மாமா. கூரையில், சுவரில், வந்தவர்களின் முகங்களில் எல்லாம் நிறங்கள் ஓடின. மயில் மூச்சு விட்டதுபோல் இருந்தது.  எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

அப்பா குனிந்தார். நீல உறையைக் கழற்றினார், சப்பாத்தைக் கழற்றினார், இரண்டையும் கொண்டுபோய் வாசலில் வைத்தார். வந்தவர்கள் இது வீட்டு விதி என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கழற்றினார்கள். மார்க்கஸும். அவனுடைய காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு வயதான பெண் என்னிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

“என்னவாம், மனே?” என்றார் மாமா, குசினி வாசலில் நின்றபடி.

“இது எப்ப போகும் எண்டு கேக்கிறா.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மயிலில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“திருவிழாவுக்கெண்டு சொல்லு. அதுக்கு முதல் வேணுமெண்டால், வீடு இல்லையெண்டும் சொல்லு.”

நான் இரண்டையும் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மார்க்கஸ் கண்ணை மூடிக்கொண்டான். 

நேரம் முடிந்ததும் ஆட்கள் சப்பாத்துகளைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் சாம்பல் நிறச் சோடி ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடந்தது. உள்ளே, அந்தப் பெண் இன்னும் மயிலின் முன்னால் நின்றார். அவருடைய வெள்ளைக் காலுறைகளில் பச்சையும் நீலமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.