பொட்டு வைத்த குறடு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை இன்னும் முடியவில்லை. தெருவில் எல்லாருக்கும் மறுநாள் விடிந்து, விஜயதசமி வந்து, தீபாவளி பொங்கல் எல்லாம் வந்து போகின்றன. எங்கள் வாசலில் மட்டும் தினமும் பூசணிக்காய் உடைக்கிறோம். மூன்று வேளையும் பொரி கடலைதான். பழகிவிட்டது.

இதற்குக் காரணம் நான்தான். பூஜை முடியாதவரை கருவிகளைத் தொடக் கூடாது. தொடக் கூடாதென்றால் யாரும் இரவல் கேட்க முடியாது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

கருவிகள் எல்லாம் ஒரே இனம். ஒரு முனையில் குறடு, மறு முனையில் ரெஞ்ச். கம்பியையும் முறுக்கலாம், நட்டையும் முடுக்கலாம். பழைய இரும்புக் கடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கியவை. பட்டறைக்காரர்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். என் மனைவி பூங்கோதைதான் பெயர் வைத்தாள். ரெண்டுங்கெட்டான். கண்ணாடி பீரோவுக்குள் எல்லா ரெண்டுங்கெட்டானும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கின்றன. என்னிடம் வந்த பிறகு ஒன்றுகூட ஒரு நட்டைத் தொட்டதில்லை.

ஒரு காலையில் பூங்கோதையின் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. பின்கழுத்தில், தாலி முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற நட்டு கழன்றுகொண்டிருந்தது. தெருவில் என்னைத்தான் மரை கழண்டவன் என்பார்கள். கழன்றது அவளுக்கு.

"அண்ணா, பொரி போடட்டுங்களா?" என்றாள்.

அதுவரை அவள் என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

டாக்டரிடம் போனோம். அவர் நட்டைச் சுண்டிப் பார்த்தார்.

"இது கழலக் கழல நீங்க தூரமாப் போவீங்க," என்றார் என்னிடம். "முழுசாக் கழண்டுட்டா நீங்க யாருன்னே இவங்களுக்குத் தெரியாது."

"மாத்திரை?"

"முடுக்கணும். வீட்ல டூல்ஸ் இருக்குதுங்களா?"

"நெறைய இருக்குதுங்க," என்றாள் பூங்கோதை. "பொட்டு வெச்சிருக்குதுங்க."

"அப்பச் செரி. பூஜை முடியட்டும்."

கிளம்பும்போது கொஞ்சம் பொரி கேட்டார். கொடுத்தோம்.

பூங்கோதையின் அண்ணன் நாச்சிமுத்து லேத் பட்டறை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் ஸ்பேனரோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர ஸ்பேனரை வெளியே எடுக்கவில்லை.

"மச்சான், நீங்களே முடுக்கிடுங்களேன்," என்றேன்.

"கட்டிக் குடுத்த பொறவு எங்கூட்டு ஸ்பேனர் பிடிக்காதுங்க மாப்ள. உங்கூட்டு டூல்ஸ்தான் பிடிக்கும்."

"அப்படிச் சட்டம் இருக்குதா?"

"சட்டமில்லீங்க. மொறை."

சாயங்காலம் பூங்கோதை என்னை 'சார்' என்றாள். ஒரே ஒரு ரெண்டுங்கெட்டானின் பொட்டைத் துடைத்தால் போதும், பூஜை முடிந்துவிடும். துண்டு தோளில்தான் கிடந்தது. ஆனால் முடிந்துவிட்டால் நாளைக்கே தெரு முழுக்க இரவலுக்கு வந்து நிற்குமே என்றுதான் முதலில் தோன்றியது. பெண்டாட்டி போய்க்கொண்டிருக்கிறாள், எனக்கு இந்தக் கவலை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

பீரோ இருக்கிற அறைக்கு நடை வழியாகப் போனேன். நடை நீண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் இரவல் கேட்டு வந்து, கிடையாதென்று நான் திருப்பி அனுப்பியவர்கள். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவே இல்லை. ஒருவர் மடியில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அருக்காணியம்மா கைப்பிடி ஆடுகிற குக்கரை அணைத்துப் பிடித்திருந்தார்.

"பூஜை முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"செரிங்க. அவசரமில்லை. பருப்பு மட்டுந்தான் வேகலை."

அவர் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். திட்டவில்லை. காலை மடக்கி வழிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக மடக்கினார்கள். அத்தனை பேர் கால்களையும் தாண்டித் தாண்டிப் போனேன். என் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

பீரோவைத் திறந்தேன். நல்லதை எடுக்கக் கை வரவில்லை. கீறல் விழுந்த பழசு ஒன்றைத் தொட்டேன். அது நகர்ந்து தள்ளிப் படுத்துக்கொண்டது. அடுத்ததும் நகர்ந்தது. எல்லாம் ஓரமாக ஒதுங்கிய பிறகு என் கைக்கு நேரே ஒன்று மட்டும் கிடந்தது. இருப்பதிலேயே உசத்தி. அதன் ரெஞ்ச் வாயில் பற்கள் இன்னும் கருக்குக் கலையாமல் இருக்கும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் விரலால் தடவிப் பார்ப்பேன்.

பொட்டைத் துடைத்தேன். தெருவில் யாரோ, "முடிஞ்சுதப்பா," என்றார்கள்.

வாசலுக்கு வந்தேன். நடையில் இருந்தவர்கள் பின்னாலேயே எழுந்து வந்தார்கள். பூங்கோதை ஸ்டூலில் உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கி, குனிந்து பின்கழுத்தைக் காட்டினாள்.

"சிரமம் குடுக்கறேனுங்க சார்."

நட்டு கடைசி மரையில் நின்றது. ரெஞ்ச் வாய்க்கு அச்சாகப் பொருந்துகிற அளவு. ஆனால் இறுக்கித் திருகினால் பற்களில் தழும்பு விழும். கருவியைத் தலைகீழாகத் திருப்பினேன். குறட்டு வாயால் நட்டைக் கவ்விப் பிடித்தேன்.

நாச்சிமுத்து எழுந்துவிட்டார். "மாப்ள, நட்டுல கொறடு போடக் கூடாதுங்க. மூலை போயிரும்."

"தெரியும் மச்சான்."

எனக்கு நன்றாகவே தெரியும். பட்டறையில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். திருகினேன். வழுக்கியது. அழுத்திப் பிடித்து மறுபடி திருகினேன். மறுபடி வழுக்கியது. நட்டின் மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. அப்புறம்தான் அவசர அவசரமாக ரெஞ்ச் பக்கம் திருப்பினேன். பிடிமானமே இல்லை, சும்மா சுற்றியது. சுற்றிச் சுற்றி நட்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

நான் நட்டைப் பார்க்கவில்லை. ரெஞ்ச் வாயில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

பூங்கோதை எழுந்தாள். தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள்.

"டூல்ஸுக்கு ஒண்ணும் ஆயிரலைங்களே?"

"இல்லை."

"நல்லவேளைங்க. அடுத்தவங்க பொருளு."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் யாரென்று தேடுகிறாள் என்று நினைத்தேன். நான் அழுகிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

"நீங்க சங்கடப்படாதீங்க. எங்கூட்டுக்காரர்கிட்ட இதே மாதிரி நெறைய இருக்குதுங்க. வாங்க, அவரைக் கேக்கலாம். மத்தவங்களுக்குன்னா யோசிப்பாரு. எனக்குன்னா எதையும் எடுத்துக் குடுத்துருவாருங்க."

அருக்காணியம்மா வேறு பக்கம் பார்த்தார். நாச்சிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூங்கோதை என் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக் கதவருகே கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். திறந்திருந்த கதவை விரலால் தட்டினாள்.

"மாமா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "மாமா, கொஞ்சம் வெளிய வாங்க. ஒருத்தரு வந்திருக்கறாரு."

உள்ளே சத்தமில்லை.

"தூங்கறாராட்ட இருக்குதுங்க," என்றாள் என்னிடம். "எந்திரிச்சு வந்துருவாருங்க."

நான் கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். அவர் வரவில்லை. அவள் மறுபடியும் தட்டினாள்.