அச்சில் மறைந்த எச்சரிக்கை

காட்டுத்தீ மலையிறங்கிய அன்று முதலில் எரிந்தது செல்போன் கோபுரம்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் இணையம் மிஞ்சியிருந்தது நூலகத்தில் மட்டும். நூலகர் லோர்னா ஹாகன், மாவட்ட இணையதளத்தில் இருந்த வெளியேறும் வழிகளைப் படித்துப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே அச்செடுத்து, சாலையோரம் நின்று கார் காராக நீட்டினாள். பண்ணைக்காரர் டெல்பர்ட்டின் மனைவி ஐரீனும் ஒன்றை வாங்கிக்கொண்டு வடக்குச் சாலையில் போனாள். அந்தச் சாலையைத் தீ ஏற்கெனவே தாண்டியிருந்தது. பாலத்தருகே காரோடு எரிந்து கிடந்தாள்.

வடக்கே போகாதீர்கள் என்று தளத்தில் காலையிலேயே போட்டாயிற்று. லோர்னா கொடுத்த தாளில் அது இல்லை.

"பழசை அச்சடிச்சுக் குடுத்துட்டா. சும்மா இருந்திருந்தாலே ஐரீன் பொழச்சிருப்பா" என்றது ஊர். மளிகைக் கடையில் லோர்னாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தளத்தைப் பராமரித்த மார்னியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒருநாள் சந்தேகம் தட்ட, அதே பக்கத்தை அச்செடுத்துப் பார்த்தாள். திரையில் சிவப்பாகத் தெரிந்த எச்சரிக்கை தாளில் வரவில்லை. மை வீணாகக்கூடாது என்று, அச்சிடும்போது பக்கத்தின் தலைப்பகுதி மறைந்துவிடும்படி, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல் கோப்பில் எழுதியிருந்தவள் அவளேதான். எச்சரிக்கையைப் பிறகு அந்தத் தலைப்பகுதிக்குள் வைத்தவளும் அவள்தான். நேரே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

மேலதிகாரி வெண்டல் கதவைச் சாத்தினார். "யாரும் கேக்கலியே மார்னி. திருத்திட்டுப் பேசாம இரு."

திருத்தினாள். பேசாமல் இருக்க முடியவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

டெல்பர்ட் மெல்லக் கேட்டார்: "அதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு, பொண்ணே?"

"ஒரே ஒரு வரிதான். ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

வாசலில் மார்னி லோர்னாவின் கையைப் பிடித்தாள். "இனிமே உங்கள யாரும் தப்பா பேச மாட்டாங்க."

லோர்னா கையை விடுவித்துக்கொண்டாள். "பேசட்டும், பேசாம போகட்டும். ஐரீன் கார்க் கண்ணாடிய எறக்கி தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனா, மார்னி. நான்தான் சீக்கிரம் போங்கன்னேன்."

அந்த மாதமே அவள் நூலக வேலையை விட்டாள்.