நல்ல கேஸ்

என் அண்ணன் என்னைப் பார்த்து "நல்ல கேஸ்" என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவன் வாயிலிருந்து என்னைப் பற்றி 'நல்ல' என்று ஒரு சொல் வந்ததே பெரிய விஷயம். டாக்டர்கள் பாஷையில் அதற்கு உருப்படாத உடம்பு என்று அர்த்தம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவன் விளையாட்டு மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தான். முந்தின தடவை செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டிருந்தான். நான் நடுத்தூர ஓட்டக்காரி. தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வலது தொடை இடுக்கில் வலி. முதலில் ஓடினால் வலித்தது, பிறகு படியேறினாலே வலித்தது. வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு வெளியே எதற்குப் போகவேண்டும் என்றாள் அம்மா.

அண்ணன் என் காலை மடக்கினான், திருப்பினான். நான் துள்ளியதும் அவன் முகத்தில் பல்பு எரிந்தது.

"வெறும் தசைப்பிடிப்பு. பயப்படாத."

"ஸ்கேன் படம் எடுத்துப் பாக்கலாமாண்ணா?"

"பரிட்சை முடியட்டும். அதுல நான் பரிசோதிச்சுக் காட்டற கேஸா நீதான் வர்ற."

"அதுவரைக்கும் ஓடாம இருக்கட்டுமா?"

"மெதுவா ஓடு. வலி போயிட்டா அப்புறம் கேஸே இல்லையே!"

ஜோக் என்று நினைத்து நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒருநாள் கூடப் படிக்கிறவனைக் கூட்டிவந்து என் வலது தொடையைத் தட்டி, "இதுதான்டா நல்ல கால்" என்று காட்டினான். கடையில் பூசணிக்காய் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

தேர்வுக்கு முன்னால் எனக்கும் பாடம் நடந்தது. "உள்ள வந்தா அண்ணான்னு கூப்பிடாத, டாக்டர்னு கூப்பிடு. சொந்தம்னு தெரிஞ்சா பரிட்சையே செல்லாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ எனக்கு எடுத்துக் குடுக்கற மாதிரி தோணினாலே ஃபெயில் பண்ணிடுவாங்க."

"அவன் சொல்றபடி கேளுடி. இந்தத் தடவையும் போச்சுன்னா அவன் மனசு ஒடஞ்சிடும்" என்றாள் அம்மா.

தேர்வன்று கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தார். கேள்வியெல்லாம் கண்ணாடி போட்ட அம்மாளுடையது. அண்ணன் டேப்பை எடுத்து இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தான்.

"ரெண்டு காலும் ஒரே நீளம், மேடம்."

"என்ன நினைக்கிறீங்க?"

"வலது தொடை எலும்போட கழுத்துல விரிசல், மேடம். ஓடி ஓடி வந்தது."

வீட்டில் தசைப்பிடிப்பு, இங்கே விரிசல். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"அப்படிச் சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?"

"உடனே படம் எடுப்பேன். ஊன்றுகோல் குடுத்துடுவேன். அந்தக் கால ஊனவே விடமாட்டேன்."

"ஒத்தக் கால்ல குதிக்க வெச்சுப் பாப்பீங்களா?"

"மாட்டவே மாட்டேன் மேடம். எலும்பு ஒடஞ்சு விலகிடும். அப்புறம் ஓட்டத்த மறந்துட வேண்டியதுதான்."

கடகடவென்று ஒப்பித்தான். அத்தனையும் தெரிந்தே என்னைத் தினமும் ஓடவிட்டிருக்கிறான் பாவி.

"சரி. அந்தச் சோதனைய நல்ல கால்ல செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் போட அந்த அம்மாள் குனிந்தார்.

என்னை எழுப்பி நிறுத்தி, அண்ணன் என் வலது தொடையைத் தட்டினான். அவனுக்கு அதுதானே நல்ல கால்! பதற்றத்தில் அவன் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"டாக்டர்... இந்தக் காலா?"

"ஆமா, அதுதான். கேள்வி கேக்காம குதிங்க."

கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. இது வலிக்கிற கால் என்று சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் என் கதை. அம்மாவின் முகம் வேறு கண்முன்னால் வந்து நின்றது. அவனுக்காக ஒரே ஒரு குதி, பூப்போலக் குதித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த வேகத்தில் வாய் தானாகக் கத்தியது. "அண்ணா!"

அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். தூங்கியவர் விழித்துக்கொண்டார். "யாரு அண்ணன்? நீங்களா?"

அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது மேடம். வலியில ஏதோ கத்துறாங்க" என்றான். அவர்கள் நம்பவில்லை.

இடுப்பில் திருகாணி போட்டார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் கோணலாக. நடக்கலாம், ஓட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தேர்வு ஓட்டத்தில் என் பாதையில் வேறு ஒருத்தி ஓடினாள். அதை நான் கட்டிலில் படுத்தபடி டிவியில் பார்த்தேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்காகத்தான் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன்.

"உலகத்துல அடிபட்டா எல்லாரும் அம்மான்னுதான்டி கத்துவாங்க. நீயும் அப்படிக் கத்தித் தொலைச்சிருந்தா அவன் பாஸாகியிருப்பான்" என்றாள்.

ஊன்றுகோலை விட்டு நான் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் அண்ணன் என் அறைக்குள் வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நம்பினேன். கேட்டால் மன்னித்துவிடவும் தயாராக இருந்தேன், வெட்கங்கெட்டவள்.

"மல்லாக்கப் படு" என்று சொல்லி, பையிலிருந்து டேப்பை எடுத்தான். இடது காலை அளந்தான். வலது காலை அளந்தான். நம்பாமல் மறுபடியும் அளந்தான். முகத்தில் அதே பல்பு எரிந்தது.

"வலது கால் நீளம் கம்மியா இருக்குடி! கண்ணாலயே தெரியுது! இந்தத் தடவை பரிட்சை வேற காலேஜ்ல. அங்க உன்ன யாருக்கும் தெரியாது."

"அண்ணா..." என்றேன்.

"டாக்டர்னு சொல்லிப் பழகு" என்று டேப்பைச் சுருட்டினான்.