முதல் தடவையே பாஸ்

லிஃப்ட் மாட்டும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வுக்கு ஆபீஸில் பாடம் நடத்துகிறவர் அவர்தான். சனிக்கிழமைதோறும் மீட்டிங் அறையில் வகுப்பு. ஒரு வெள்ளைப் பலகை, மை தீர்ந்துபோன மார்க்கர்கள், எதிரே நாலைந்து பேர். வாயைத் திறந்தால் முத்து உதிரும். அதே தேர்வில் அவர் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவர் என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

முதல் தடவை கோட்டை விட்ட அன்று அவர் உண்மையைத்தான் சொல்ல இருந்தார். பாவம், சொல்ல விடவில்லை. தேர்வு மையத்தை விட்டு வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டால், எடுத்தது மனைவியின் அண்ணன். அந்த மச்சான் இந்தத் தேர்வை எப்போதோ எழுதி முதல் தடவையிலேயே பாஸ் செய்தவர். அதை அவரும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

"என்ன மாப்ள, ஊத்திக்கிச்சா?" என்று கேட்டார். குரலில் அப்படியொரு ஆசை.

"பாஸ் மச்சான். முதல் தடவையே பாஸ்" என்றார் வாத்தியார்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் தனியாகச் சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் அவள் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிவித்து, சந்தோஷம் தாங்காமல் முதலாளியின் வீட்டம்மாவுக்கும் போன் போட்டுவிட்டாள். மறுநாள் ஆபீஸில் கேக் வெட்டினார்கள். முதலாளி தன் கையாலேயே ஊட்டிவிட்டார். வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு உண்மையைப் பேசினால் நன்றாகவா இருக்கும்? வாத்தியார் மரியாதை தெரிந்தவர், மென்று விழுங்கினார். மாலைக்குள் அவருடைய அறைக் கதவில் பெயருக்குப் பின்னால் சான்றிதழின் எழுத்துகளும் ஏறிவிட்டன.

சான்றிதழை யாராவது கேட்டால் வெளிநாட்டிலிருந்து தபாலில் வருகிறது என்றார். அது நீந்தி வந்திருந்தால்கூட இந்நேரம் கரை சேர்ந்திருக்கும். இடையில் சத்தம் போடாமல் இரண்டாவது தடவையும் எழுதிப் பார்த்தார், சத்தம் போடாமல் தோற்றார். அந்தச் சமயம் பார்த்துத்தான் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது.

"நீ பாஸ் பண்ணா மட்டும் போதுமாப்பா? மத்தவங்களையும் தேத்தி விடு."

மாட்டேன் என்று சொல்லக் காரணம் வேண்டுமே. தவிர, சொல்லிக்கொடுக்கிற சாக்கில் தானும் படித்துவிடலாம், அதுவும் ஆபீஸ் செலவில் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. வாத்தியார் பிறந்தது இப்படித்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடத்தினார். "வேலை பாதி ஓடிட்டு இருக்கு. வாடிக்கையாளர் வந்து லிஃப்ட் கதவோட கலரை மாத்துங்கறாரு. மேனேஜர் அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்பார். அவர்கள் ஆபீஸில் அடுத்து நடப்பது என்னவோ முதலாளி பெயின்டரைத் திட்டுவதுதான். ஆனால் தேர்வில் வருகிற மேனேஜர் ஒரு மகான். கோபப்பட மாட்டார், ஆளை மாற்ற மாட்டார், எடுத்ததும் மேலிடத்துக்கு ஓட மாட்டார். சம்பந்தப்பட்டவரைத் தனியாக உட்காரவைத்து உள்ளதை உள்ளபடி பேசுவார். "விடை தெரியலைன்னா யோசிக்காதீங்க. எந்த விடைல மனுஷன் உண்மைய பேசறானோ அதை அமுக்கிட்டுப் போயிட்டே இருங்க" என்பார் வாத்தியார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

தவறான விடைகளைப் பிரித்து மேய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "இங்க உங்களுக்கு ரெண்டாவதைப் போடத் தோணும். போட்டீங்க, தொலைஞ்சீங்க" என்பார். கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள். இருக்காதா பின்னே, ஒவ்வொரு பள்ளத்திலும் அவரே விழுந்து எழுந்தவர்.

"எப்படி சார், எங்க மனசுல ஓடறத அப்படியே சொல்றீங்க?" என்று ஒருநாள் பர்ச்சேஸ் அக்கா கேட்டார்.

"எல்லாம் அனுபவம்தான்கா" என்றார். அந்த வகுப்பில் அவர் சொந்தமாகப் பேசிய ஒரே உண்மை அது.

பர்ச்சேஸ் அக்கா மோட்டாரும் இரும்புக் கயிறும் வாங்கிப்போடுகிற பிரிவைப் பார்த்துக்கொண்டவர். வாத்தியாரைவிட மூத்தவர். கேக் வெட்டும்வரை வாத்தியாரைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், கேக்குக்குப் பிறகு சார் ஆக்கிவிட்டார். வகுப்பில் அக்காவைப்போல் உழைத்தவர் கிடையாது. ஆனாலும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் இடித்தது. ஒவ்வொரு தடவையும் கைப்பையை மூடிக்கொண்டே, "நீங்க முதல் தடவையே பாஸ். நமக்கெல்லாம் அந்த மண்டை இல்ல சார்" என்பார். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்பார் வாத்தியார், பெருந்தன்மையோடு.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கெட்ட நேரம், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு டெண்டர் வந்தது. சான்றிதழ் பெற்ற மேனேஜர் இருக்கிற கம்பெனிக்குத்தான் வேலை என்றார்கள். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாத்தியார் பெயரை எழுதிவிட்டு வந்தார்.

"உன் சான்றிதழ் நம்பர் வேணுமாம்பா. அடுத்த வாரம் குடுத்துரு" என்றார்.

சரியென்று தலையாட்டிவிட்டு வாத்தியார் பல்வலி என்று லீவு போட்டு மூன்றாவது தடவைக்குப் பதிவு செய்தார். இந்தத் தடவையும் போனால் டெண்டர் போகும், வேலை போகும், வீட்டில் மச்சான் சிரிக்கிற சிரிப்பு காலத்துக்கும் காதில் கேட்கும். தேறிவிட்டாலோ ஒரு பிரச்சினையும் இல்லை. சான்றிதழில் இருக்கிற புதுத் தேதியைப் பற்றி யாராவது கேட்டால் 'புதுப்பித்த தேதி' என்று சொல்ல ஒரு பொய்யையும் தயாராக வைத்திருந்தார். திட்டமிடுவதில் மனிதர் புலி.

தேர்வு மையத்தில் சட்டைக் கையை மடக்கச் சொன்னார்கள். கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தான் மறைத்துக் கொண்டுவந்தது எந்தப் பையிலும் இல்லை என்று வாத்தியாருக்குத் தெரியும், கம்பீரமாக நின்றார். பிறகு தடுப்பு வைத்த மேஜையில் உட்கார்ந்து, இதுவரை சனிக்கிழமைகளில் தான் கத்தியதையெல்லாம் தானே நினைவுபடுத்திக்கொண்டு, உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிற விடை எங்கெல்லாம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் கூசாமல் அமுக்கினார்.

பாஸ்.

திரையில் வந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். மேற்பார்வையாளர் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து போனை எடுத்தார். மனைவியின் பெயரில் விரலை வைத்தார், எடுத்துவிட்டார். அவளிடம் என்னவென்று சொல்வது? முதலாளி, நண்பர்கள், அத்தை, மாமா என்று ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லோரும் ஏற்கெனவே வாழ்த்தி முடித்துவிட்டார்கள். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வெற்றி, கேட்க ஓர் ஆள் இல்லை. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

கீழே போக லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், மாட்டியது அவர்கள் கம்பெனிதான். தலையைக் குனிந்துகொண்டு படியில் இறங்கினார். இரண்டாவது திருப்பத்தில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது.

பர்ச்சேஸ் அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். கையில் மையம் கொடுத்த தாள் கசங்கியிருந்தது. அக்காவுக்கு அடுத்த மாதம்தான் தேர்வு என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். திரும்பி மேலே போய்விடலாமா என்று வாத்தியார் ஒரு காலை எடுத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"சார்! நீங்க எங்க இங்க?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தானே கண்டுபிடித்தார். "நம்ம லிஃப்ட் ரிப்பேராச்சே. அதைப் பாக்க வந்தீங்களா?"

இவ்வளவு லட்சணமான பொய்யை யாரும் வாத்தியாருக்குத் தட்டில் வைத்து நீட்டியதில்லை. "ஆமாக்கா" என்றார்.

"நான் தேதியை மாத்திச் சொல்லிட்டேன் சார். ஊத்திக்கிட்டா யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. மன்னிச்சுருங்க." அக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ்ளோ தெளிவா சொல்லிக் குடுத்தீங்க. இந்தக் களிமண்ணுல ஏறல. மாதிரித் தேர்வுல மார்க் கொறையும்போதெல்லாம் வீட்ல போய் நான் மக்குங்கனு சொல்லி அழுவேன். முதல்லெல்லாம் எங்க வீட்டுக்காரர் இல்லவே இல்லன்னு சமாதானம் பண்ணுவாரு. இப்பல்லாம் ஆமாங்கறாரு."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"என் பேரை வகுப்புலேருந்து எடுத்துருங்க சார். போதும்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. ஒரு தடவை போனா என்ன, மறுபடி எழுதினா வந்துரும்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்? தோத்தவங்களுக்குல்ல அது தெரியும்."

அக்கா குத்திக்காட்டவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதுதான் வாத்தியாரை என்னவோ செய்தது. சட்டைப் பையில் மடித்த தாள் இருந்தது. லிஃப்டைப் பார்க்க வந்தவர் லிஃப்டைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். அடுத்த வாரம் நம்பரைக் கொடுத்துவிட்டால் கடைசிவரை கதவில் அந்த எழுத்துகள் இருக்கும். இந்த அம்மாள் மட்டும் கடைசிவரை மக்காக இருப்பார், அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்று நினைக்கும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியும்கா" என்றார். தாளை எடுத்து நீட்டினார். "இன்னிக்குத்தான் பாஸ் பண்ணேன். இது மூணாவது தடவை. முன்னாடி சொன்னதெல்லாம் பொய்."

அக்கா தாளை வாங்கிப் படித்தார். தேதியைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது.

"ஏன் தம்பி, எனக்கு மண்டை இல்லன்னு நான் பொலம்பும்போதெல்லாம் கேட்டுக்கிட்டுதானே இருந்த?" என்றார். "நானும் தோத்தேன்கானு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருப்ப? ராத்திரி தூங்காம எனக்கு என்னமோ கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேனே."

விடை நான்கு கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் வாத்தியார் சமாளித்திருப்பார். 

"வகுப்புல மத்தவங்களும் இப்படித்தான் வீட்ல உக்காந்து அழறாங்களோ என்னமோ. முதலாளிக்கு போன் போடு. என் எதிர்லயே பேசு."

"திங்கட்கிழமை நேர்ல சொல்லிடறேன்கா."

"திங்கட்கிழமைக்குள்ள நீ வேற பொய் யோசிச்சிருவ."

அதில் நியாயம் இருந்தது. வாத்தியார் போன் போட்டார்.

"சொல்லுப்பா, பல் எப்படியிருக்கு?" என்றார் முதலாளி.

"பல் வலியெல்லாம் இல்ல சார். பரீட்சை எழுத வந்தேன். இன்னிக்குத்தான் பாஸ் பண்ணேன். கேக் வெட்டினப்ப நான் பாஸ் பண்ணல. பொய் சொல்லிட்டேன்."

முதலாளி கோபப்படுவார், கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார். முதலாளி கத்தவில்லை. "டெண்டர்ல குடுக்கற நம்பர் செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டார்.

"செல்லும் சார்."

"நல்லது. திங்கட்கிழமை வந்து முதல்ல என்னைப் பாரு. உன் ரூமுக்குப் போகாத." போன் வைக்கப்பட்டது. இத்தனை வருஷத்தில் முதலாளி 'ப்பா' போடாமல் அவரிடம் பேசி முடித்ததில்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் அக்கா.

"வரச் சொன்னாரு. வேலை இருக்கா இல்லையான்னு சொல்லலை."

அக்கா தாளை முதலில் இருந்தபடியே மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"பாஸ் பண்ணியிருக்க. வாழ்த்துகள் தம்பி" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

வாத்தியாருக்கு ஊரே வாழ்த்துச் சொல்லியிருக்கிறது. அவர் உண்மையிலேயே செய்த காரியத்துக்காக ஒருவர் வாழ்த்தியது இதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வாயெடுத்தவர் அக்காவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அக்கா கைக்குட்டையைத் தரவில்லை. அது அவருக்கே இன்னும் தேவைப்பட்டது.